பதினோரு அசைத் தாமதம்

என் பெயர் ஹியெரோனிம் பக்கூவா. இந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஸவில்னோவில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'தாமதக்காரர்' என்று கேளுங்கள், ரொட்டிக் கடைக்காரியிலிருந்து பாதிரியார் வரை என் வீட்டுக்குக் கை காட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாகவே இருந்தேன். எந்த வண்டி எந்த நடைமேடையில் வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் வண்டி நேரத்துக்கு வந்தால் அறிவிப்பாளனை யார் மதிக்கிறார்கள்? வண்டி தாமதமானால்தான் அத்தனை தலைகளும் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்க்கும். அதனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், லூப்ளினிலிருந்து 'வண்டி தாமதம்' என்று போன் வந்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷியாக இருக்கும்.

மற்ற நிலையங்களில் 'வண்டி தொண்ணூற்றைந்து நிமிடம் தாமதம்' என்று கொட்டாவி விட்டபடி சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. எங்கள் போலிஷ் மொழியில் தொண்ணூறு, ஐந்து, நிமிடம் மூன்றையும் பெட்டி பெட்டியாகக் கோத்து ஒரே அடைமொழியாக்கித் தாமதத்துக்கு முன்னால் பூட்டலாம். ஜெவ்யெஞ்ஜெஷெஞ்சோப்யெஞ்சோமினுதோவே. மொத்தம் பதினோரு அசை. தனித்தனியாக நிற்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அழுத்தம் உண்டு. கோத்துவிட்டால் அதெல்லாம் அடங்கிப்போகும். தொடக்கத்தில் லேசாக ஒரு தட்டு, நடுவிலெல்லாம் ஓட்டம், கடைசிக்கு முந்தின அசையில்தான் பலமான குத்து. 'மினு-தோ' என்று அந்த 'தோ'வில் ஏறி நின்றுவிட்டு, 'வே' என்று மெதுவாக இறங்க வேண்டும். நான் அந்த 'தோ'வில் ஏறினேன் என்றால் லேசில் இறங்க மாட்டேன். நிலையத்தின் கண்ணாடிகள் அதிரும்.

என் குரலில் மயங்கிப் பயணிகள் குளிரையே மறந்துவிடுகிறார்கள் என்று மனதார நம்பினேன். ஒரு தடவை முட்டைக்கோஸ் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி என் ஜன்னலைத் தட்டினாள். "குரல் நல்லாத்தான் இருக்கு, பான். வண்டி எங்க?" என்றாள். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். லுத்ஸினா உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தாமலே, "அவ உன்னைத் திட்டியிருக்கா, ஹிரெக்" என்றாள்.

அந்தச் சொல்லால்தான் எனக்கு மருமகன் கிடைத்தான். ஒரு பிப்ரவரியில் என் மகள் ஸபினா எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். காளான் வைத்த பியெரோகிக் கொழுக்கட்டை, மேலே வறுத்த வெங்காயம். டப்பாவைத் திறப்பதற்குள் லூப்ளின் போன் வந்துவிட்டது. சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு மைக்கை இழுத்துத் தொண்ணூற்றைந்து நிமிடத்தையும் ஒரே மூச்சில் பாடினேன். பாடி முடித்து நான் கண்ணைத் திறப்பதற்குள் ஒரு இளைஞன் ஜன்னலை உடைத்துவிடுவது போலத் தட்டிக்கொண்டு நின்றான்.

"யாரு சொன்னது இதை? தாமதத்தைப் போய் இப்படி ரசிச்சு ரசிச்சுச் சொல்றது யாரு?"

"நான்தான். ஏன், உச்சரிப்புல ஏதாவது குறையா?" என்றேன் நான், புத்திசாலி.

"எனக்கு இன்டர்வியூ போச்சு! உங்களுக்குக் கச்சேரி கேக்குதா?"

ஸபினா எழுந்து என்னைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். "எதுக்கு அவர்கிட்ட கத்துறீங்க? வண்டியை அவரா வழியில புடிச்சு வெச்சிருக்காரு? மூஞ்சியைப் பாத்தா காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை போல. இந்தாங்க." டப்பா ஜன்னல் வழியாக வெளியே போனது. என் சாப்பாடு! அவன் ஒன்று எடுத்தான், இன்னொன்று எடுத்தான், கத்துவதை நிறுத்தினான். அவள் சிரித்தாள். வண்டி வந்து சேர்ந்தபோது டப்பா காலி. மகளும் போய்விட்டாள் என்பது எனக்குத்தான் ரொம்ப நாள் கழித்துப் புரிந்தது. அவன் பெயர் செவெரின். டிராக்டர் பழுதுபார்க்கிறவன், தங்கமான பையன். ஆனால் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்த வருஷங்களிலெல்லாம் என்னை 'பான் ஹியெரோனிம்', அதாவது 'ஐயா' என்று மரியாதையாகவே அழைத்தான். அதற்கு மேல் ஒரு அங்குலம் நெருங்கியதில்லை. அந்த ஜன்னல் சண்டை இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது.

இருவருக்கும் நிச்சயமான கையோடு எனக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். பிரஷ் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. அது போகட்டும், என் வாயே என் பேச்சைக் கேட்கவில்லை. தலைக்குள் எல்லாச் சொற்களும் பத்திரமாக வரிசையில் நின்றன, வெளியே வரும் கதவைத்தான் காணவில்லை. நடைமேடை முழுக்கப் பயணிகள், வண்டிதான் இல்லை. இத்தனை வருஷம் மற்றவர்களுக்குச் செய்தது எனக்கே நடந்தது.

ஒரே ஒரு சொல் மட்டும் பளிச்சென்று வந்தது: 'ஹொலெரா.' காலரா நோயின் பெயர்தான். எங்கள் ஊரில் விரலில் சுத்தியல் பட்டாலும், பால் பொங்கி வழிந்தாலும் எல்லோரும் உதிர்க்கிற வசை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் 'வலிக்குதா?' என்றாள். "ஹொலெரா." லுத்ஸினா கண்ணீரோடு 'என்னைத் தெரியுதா?' என்றாள். "ஹொலெரா." பாதிரியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்து நெற்றியில் சிலுவை போட்டார். அவருக்கும் அதே பதில். லுத்ஸினா அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் கிங்கா என்ற பெண். வயதில் என் மகளைவிடச் சின்னவர், ஆனால் மிரட்டலில் எங்கள் நிலைய மேலாளர் தோற்றார். "பான் ஹியெரோனிம், சொல்லாதீங்க. முதல்ல தட்டுங்க" என்பார். பேச்சு மறந்தாலும் தாளம் பல பேருக்கு மறப்பதில்லையாம். ஒரு அசைக்கு ஒரு தட்டு. மேஜையில் இடது கையால் தட்டிக்கொண்டே அசையைப் பின்னால் இழுத்து வர வேண்டும். மா-மா, எங்கள் மொழியில் அம்மா. கா-வா. ரெண்டு தட்டு. என் குரலில் கண்ணாடி அதிர்ந்த காலம் போய், 'காவா' என்று காபி கேட்பதற்கு நான் மேஜையை அதிரவைத்தேன்.

கல்யாணத் தேதி ஆகஸ்டில் குறித்தார்கள். எங்கள் வழக்கத்தில் சூப் பரிமாறி முடிந்ததும் பெண்ணின் அப்பா எழுந்து முதல் கோப்பையை உயர்த்தி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். லுத்ஸினாவின் அண்ணன் க்ஸவெரி உடனே வந்து உட்கார்ந்துவிட்டார். நகராட்சியில் கொடி ஏற்றும் நாளில் எல்லாம் பேசிப் பழகியவர், இறுதிச் சடங்கில் கூட மைக்கைத் திருப்பித் தர மாட்டார்.

"ஹிரெக், நீ ஒண்ணுத்துக்கும் கவலைப்படாதே. உனக்குப் பதிலா நான் பேசிடறேன். எழுதியே வெச்சுட்டேன், நாலே பக்கம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. மேஜையைத் தட்டினேன். "நா... நா... நான்!"

"என்ன 'நான்'? நிலா கேட்டு அடம் பிடிக்கிற குழந்தையாட்டம்?" என்றார் மச்சான்.

மறுநாள் கிங்காவிடம் போய் என் சொல்லை எழுதிக் காட்டினேன். இடது கையால் எழுதினால் கோழி கிறுக்கியது போலத்தான் இருக்கும். அவர் ஒவ்வொரு அசையாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதையா? 'நல்லா இருங்க'ன்னு சொன்னா போதாதா?"

தலையை ஆட்டினேன். போதாது. ஏனென்றால் அந்தத் தாமதம் இல்லாவிட்டால் இந்தக் கல்யாணமே இல்லை. 'அந்தத் தொண்ணூற்றைந்து நிமிடத் தாமதத்துக்கு!' என்று சொல்லிக் கோப்பையை உயர்த்த வேண்டும். மண்டபம் சிரிக்க வேண்டும், செவெரின் சிரிக்க வேண்டும், அந்த ஜன்னல் சண்டை அதோடு முடிய வேண்டும். இதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, "தோ! தோ!" என்று மட்டும் அடம் பிடித்தேன். கொஞ்சம் வீம்பும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. வாய் போனவன் ஊரிலேயே நீளமான சொல்லோடுதான் திரும்பி வர வேண்டும் என்று கங்கணம் கட்டியிருந்தேன்.

அன்றிலிருந்து பதினோரு பெட்டியையும் ஒவ்வொன்றாகக் கோத்தோம். பெட்டி கோப்பதைவிட அழுத்தம்தான் படுத்தியது. அசை தவறக் கூடாதே என்ற பயத்தில் எல்லா அசையையும் ஒரே பலத்தோடு குத்தினேன்.

"எல்லாத்தையும் குத்தாதீங்க, பான் ஹியெரோனிம்! கொல்லன் பட்டறையா இது? மெதுவா, மெதுவா, மெதுவா... கடைசிக்கு முந்தினதுல மட்டும் போடுங்க. அதுக்கப்புறம் விட்டுடுங்க."

லுத்ஸினா மூலையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டு நடைமுறைதானே இது, பானி கிங்கா. கடைசிக்கு முந்தி நான் ஒரு அதட்டு போடுவேன். கடைசியில இவரு 'சரி'ன்னு முனகுவாரு. இது கூட இவருக்கு வரலைன்னா எப்படி?"

சிரிப்பு வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பிறகு அழுத்தமும் வந்தது. 'தோ' வரும்போது லுத்ஸினாவின் அதட்டலை நினைத்துக்கொள்வேன், கை தானாகவே பலமாக விழும். ஜூலை முடிவதற்குள் முழுச் சொல்லையும் சொல்லிவிட்டேன், சரக்கு வண்டி மேட்டில் ஏறுகிற வேகத்தில்தான் என்றாலும். கிங்கா எழுந்து நின்று கை தட்டினார்.

"இப்ப 'தாமதம்'கிறதையும் சேத்துப் பாத்துடலாமா?"

நான் கையை ஆட்டி மறுத்துவிட்டேன். ஆயுள் முழுக்கச் சொன்ன சொல் அது. அடைமொழி வந்துவிட்டால் அதுவா வராது? தானாகவே வரும் என்று நினைத்தேன். என் மண்டையில் மூளை இருந்த இடத்தில் அன்றைக்கு என்ன இருந்ததோ தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலையில் வீட்டில் ஆசீர்வாதம். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டியிட்டார்கள். இரண்டு பேர் நெற்றியிலும் இடது கையால் சிலுவை போட்டேன், புனித நீர் தெளித்தேன். செவெரின் கண்ணில்தான் பாதி போனது. வாய் திறந்து பேசியது லுத்ஸினா, இரண்டு பேருக்கும் சேர்த்து. நான் பேசவேயில்லை, சொல்லைச் செலவழிக்காமல் சாயங்காலத்துக்கு வைத்திருந்தேன். செவெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நன்றி, பான் ஹியெரோனிம்" என்றான்.

விருந்து தீயணைப்பு நிலையக் கூடத்தில். வாசலில் ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்றாயிற்று, வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மேஜை போட்டிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், செவெரினின் சொந்தங்கள் ஒரு பக்கம், நடுவில் அக்கார்டியனும் வயலினும். நூடுல்ஸ் போட்ட கோழி சூப் வந்தது, ஆவி பறந்தது, வயிறுகள் கொஞ்சம் அடங்கின. லுத்ஸினா என் விலாவில் இடித்தாள். எழுந்தேன். கூடம் மெல்ல அடங்கியது. எனக்கு மெதுவாகத் தட்ட வேண்டும் என்று நினைவிருந்தது. ஆனால் பதற்றத்தில் என் இடது கை சுத்தியலாகிவிட்டது. முதல் அசைக்கு மேஜையில் ஒரு தட்டு தட்டினேன். தட்டுகள் எல்லாம் துள்ளின.

கல்யாண மேஜையில் ஒருவன் பலமாகத் தட்டினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வோட்கா கசக்கிறது, அதை இனிப்பாக்க மணமக்கள் முத்தமிட வேண்டும். தீயணைப்புக்காரர்கள் மேஜையிலிருந்து தடித்த குரல் ஒன்று எழுந்தது.

"கசக்குது!"

"கசக்குது! கசக்குது! கசக்குது!" கூடம் முழுக்க மேஜைகளைத் தட்டியது. ஸபினாவும் செவெரினும் எழுந்து முத்தமிட்டார்கள். அக்கார்டியன் ஒரு இழுப்பு இழுத்தது. எல்லோரும் குடித்தார்கள்.

காத்திருந்தேன். அடங்கியது. மறுபடி முதல் அசை, மறுபடி தட்டு.

"கசக்குது! கசக்குது!"

இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை. ஸபினாவின் தலைச்சீலை சரிந்துவிட்டது. செவெரினின் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அவன் பக்கத்து மாமா ஒருவர், "மாமனாருக்கு என்னா ஆசை பாருடா! அவரு வோட்காவுல மட்டும் யாரோ மருந்து கலந்துட்டாங்க போல" என்றார். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. வாய் நுனிவரை ஹொலெரா வந்து நின்றது, எதிரே பாதிரியார் உட்கார்ந்திருந்ததால் விழுங்கினேன்.

க்ஸவெரி மச்சான் காகிதங்களைப் பிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். என் தோளை அழுத்தினார். "போதும் ஹிரெக், உட்காரு. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

அந்தக் 'தப்பா நெனைக்க மாட்டாங்க' என்பதுதான் என்னைக் கொன்றது. உட்கார்ந்தால் தீர்ந்தது. தன் மகள் கல்யாணத்திலேயே வாய் திறக்காதவன் இனி எந்த மேஜையிலும் திறக்கப் போவதில்லை. எனக்குப் பதிலாக யாராவது பேசுவார்கள், நான் சாகும்வரைக்கும் தலையாட்டிக்கொண்டு சூப் குடிப்பேன். அழுகை வந்துவிட்டது, அதுவும் அத்தனை பேர் முன்னால்.

ஸபினா பாவாடையைக் கையில் அள்ளிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தாள்.

"மாமா, நீங்க போய் சூப்பைக் குடிங்க, ஆறிடும். அப்பா பேசுவாரு." அவருடைய நாலு பக்கத்தையும் மடித்து அவர் பையிலேயே வைத்துவிட்டாள். பிறகு என் பக்கத்தில் நின்று தன் கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். "இங்க தட்டுப்பா. இதுல சத்தம் வராது."

என் மகளின் கைமேல் தட்டினேன். ஜெ. யாரும் 'கசக்குது' என்று கத்தவில்லை. வ்யெஞ். ஜெ. ஷெஞ். சோ. எங்கள் ஊர்க்காரர்கள் மேஜையில் ஒருத்தன், "அட, தாமதம்டா! நம்ம தாமதம்!" என்று கிசுகிசுத்தான். ப்யெஞ். சோ. அந்த முட்டைக்கோஸ் கிழவியும் எங்கோ உட்கார்ந்திருந்தாள், பனியில் நின்று இதைக் கேட்டுத் திட்டியவர்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு என்னோடு ஒவ்வொரு அசையாக வந்தார்கள். மி. னு. லுத்ஸினா என்னைப் பார்த்து முறைத்தாள், உதவிக்காகத்தான்.

"தோ!"

கை விழுந்த வேகத்தில் புது மோதிரம் அழுந்தி ஸபினா 'ஆ' என்றாள். "வே" என்று மெதுவாக இறங்கினேன். அப்படி ஒரு சுத்தமான இறக்கம் நிலையத்தில் கூட எனக்கு வந்ததில்லை.

கோப்பையை உயர்த்தினேன். மொத்தக் கூடமும் உயர்த்தியது. எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். தொண்ணூற்றைந்து நிமிட... என்ன? என்ன அது? ஆயுள் முழுக்கச் சொன்ன அந்தச் சின்னச் சொல்லைக் காணவில்லை! வெறும் அடைமொழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று உயிரோடு வாங்கிக் குளியல் தொட்டியில் விட்டுவைத்த கெண்டை மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடினேன். ஸபினாவின் கைமேல் தட்டிப் பார்த்தேன். தாளமும் வரவில்லை. க்ஸவெரி பையிலிருந்து மறுபடி காகிதத்தை எடுப்பது கடைக்கண்ணில் தெரிந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செவெரின் எழுந்து நின்றிருந்தான்.

"தாமதத்துக்கு" என்றான். கோப்பையை உயர்த்திய வேகத்தில் வோட்கா சட்டைக் கையில் சிந்தியது. "அன்னைக்கு உங்க ஜன்னல்ல வந்து அப்படிக் கத்தினேன். உங்க சாப்பாட்டையும் தின்னுட்டேன். இன்னும் மன்னிப்புக் கூடக் கேக்கலை. அந்த வண்டி மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா நான் ஏறிப் போயிருப்பேன்." கோப்பையை என் பக்கம் திருப்பினான். "தாமதத்துக்கு... அப்பா."

எல்லோரும் குடித்தார்கள். யாரும் கத்தவில்லை, அக்கார்டியன்காரன் கூட வாசிக்க மறந்துவிட்டான். பதில் சொல்ல வேண்டியது நான்தான். ஒரு மகன் முதல் தடவை அப்பா என்று கூப்பிட்டால் திரும்பச் சொல்வதற்கு உலகத்தில் எத்தனையோ நல்ல சொற்கள் இருக்கின்றன. எனக்குள்ளும் அத்தனையும் வரிசையில் முண்டியடித்தன. வாயைத் திறந்தேன். தட்டாமலே, தடங்கல் இல்லாமல், அழுத்தம் சரியாகக் கடைசிக்கு முந்தின அசையிலேயே விழ, பாதிரியார் முன்னால், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ஒரே ஒரு சொல் வந்தது.

"ஹொலெரா!"

லுத்ஸினா சிலுவை போட்டுக்கொண்டாள். செவெரின் மேஜையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என் காதருகே சொன்னான்:

"எனக்கும் அப்படித்தான் இருக்கு, அப்பா."